மண்டையப்பம் தின்ற பிள்ளை

கொல்லம் 1107-ஆம் வருஷம் வைகாசி பிறந்ததும் பனந்தோப்புக்குச் சொந்தக்காரரான விளைக்காரர் சிவதாணு பிள்ளை ஆள் அனுப்பிவிட்டார். பனை ஏற ஆணில்லாத குடிசை அவருக்குத் தேவையில்லை. வேறொரு பனையேறியைப் பேசி முடித்தாயிற்று. அவன் ஆடிக்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்துவிடுவான். அதற்குமுன் நேசம்மாள் குடிசையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். வந்த ஆள் இதைச் சொல்லிவிட்டுப் போகிற போக்கில் அவள் முருங்கையில் இரண்டு காயையும் பறித்துக்கொண்டு போனான்.

அவள் புருஷன் யேசுரத்தினம் ஐப்பசி மழையில் ஓலை வெட்ட ஏறி, வழுக்கி விழுந்தவன். விழுந்த அன்றைக்குச் சாகவில்லை. இடுப்புக்குக் கீழே மரமாகிக் கிடந்து, முதுகு புண்ணாகி, நாற்றம் எடுத்த பிறகுதான் செத்தான். ஏறுகிறவன் போனால் பனையிலிருந்து அக்கானிப் பதநீர் இறங்காது. அக்கானி இல்லையென்றால் கருப்பட்டி காய்ச்சத் தெரிந்த பெண்டாட்டியால் ஒரு பிரயோசனமும் இல்லை. நேசம்மாள் நாற்று நட்டாள், சாணி சுமந்தாள், பக்கத்து விளையில் தேங்காய்க் கதம்பல் அடித்து நார் எடுத்தாள். அவளும் ஆறு வயது மகள் செல்லபாயும் ஒருவேளை கஞ்சி குடித்தார்கள். இனி அந்தக் கஞ்சியைக் காய்ச்ச அடுப்பு வைக்கவும் இடமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஜெபமணி டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். நாகர்கோவிலில் மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை பார்க்கிறவள். நேசம்மாள் சின்னப் பிள்ளையாக அங்கே போர்டிங்கில் இருந்து ஏழாம் வகுப்புவரை படித்தபோது ஜெபமணி அங்கே பெரிய வகுப்பில் இருந்தாள். ஏழாம் வகுப்புச் சோதனைக்கு முன்னால் நேசம்மாளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

"நேசம், இந்த வருஷம் விதவைமாரப் படிக்க எடுக்காங்க. ரெண்டு படிப்பு உண்டு. ஒண்ணு எங்க பள்ளியில டீச்சர் டிரெயினிங். ரெண்டு வருஷம். பிள்ளையக் கூட வச்சிக்கிடலாம், பிள்ளைக்கும் அங்கனயே படிப்பு. இன்னொண்ணு ஆஸ்பத்திரியில நர்சுப் படிப்பு, பேறு பாக்கியது. ஒண்ணரை வருஷம். சோறும் சேலையும் குடுப்பாங்க, பிள்ள கூட இருக்கப்படாது. எதுன்னு யோசிச்சு வியாழக்கிழமை வா."

யோசிக்க என்ன இருக்கிறது என்று நேசம்மாள் நினைத்தாள். ஆனாலும் ஊர் அவளுக்காக யோசித்தது.

பக்கத்து விளைக்காரி பகவதி கதம்பல் அடித்துக்கொண்டே கேட்டாள். "எதுட்டீ எடுக்கப் போற?"

"டீச்சர் படிப்புதான்."

"அப்போ குடையும் பிடிச்சிட்டு, செருப்பும் மாட்டிட்டு நடப்பே. பொறவு எங்களக் கண்டா ஒரு வார்த்த மிண்டுவியா?"

"ஒனக்க வாயில வெத்தில இல்லேன்னா மிண்டுவேன்."

"எனக்க வெத்திலயில கையி வைக்காத. புருசன விட்டாலும் அத விடமாட்டேன்." பகவதி சிரித்துவிட்டு, சத்தத்தைக் குறைத்தாள். "நர்சுன்னா சீக்கிரம் முடிஞ்சுரும்லா. சோறும் உண்டு."

"செல்லத்த எங்க விட?"

பகவதி கதம்பலை ஓங்கி அடித்தாள்.

விடுவதற்கு ஒரே இடம்தான் உண்டு. யேசுரத்தினத்தின் அண்ணன் ஜான்ரோஸ் வீடு. அவனும் பனையேறி. அவன் பெண்டாட்டி ராஜபாய் கெட்டவள் இல்லை. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, பங்குனி முதல் ஆவணி வரை அக்கானி அடுப்பின் முன்னால் உட்கார்ந்தே கண் இரண்டும் சிவந்து போனவள். நேசம்மாள் கேட்டபோது அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"அஞ்சு உருப்படி கெடக்கு. ஆறாவது ஒண்ணு வந்தா கஞ்சியில கொஞ்சம் வெள்ளம் கூட ஊத்துவேன், அது பிரச்சன இல்ல. ஆனா சும்மா இருந்து தின்ன முடியாது, கேட்டியா? அடுப்புல சருகு தள்ளணும். பள்ளிக்கொடம் எல்லாம் என்னால ஆவாது."

"அவளுக்குப் பொகை ஆவாது அக்கா."

"எனக்கு மட்டும் ஆவுமா? பின்ன, இன்னொண்ணு சொல்லுதேன். பேறு பாக்கியது நம்ம ஆளுவ செய்யிற வேலையில்ல. அதுக்குன்னு உள்ளவ செய்வா. நாளைக்கு ஒனக்க மவள ஒருத்தன் கெட்டணும்லா? 'அவளுக்க அம்மைதானே எனக்க அம்மைக்கு நஞ்சுக்கொடி எடுத்தவ'ன்னு சொல்லுவானுவ. டீச்சருன்னா கொள்ளாம், மதிப்பு உண்டு."

ஆக, எல்லாப் பேச்சும் கடைசியில் டீச்சர் படிப்பில்தான் வந்து நின்றது.

செல்லத்துக்குப் புகை ஆகாது என்று நேசம்மாள் சொன்னது சாக்கு இல்லை. அப்பன் செத்த பிறகு, பங்குனி அக்கானி இறங்கும் முன்பே, ராஜபாயின் கொட்டகையில் பழைய கருப்பட்டியை உருக்கும்போது கஞ்சிக்காகப் பிள்ளை அங்கே சருகு தள்ளப் போனாள். அப்போது பிடித்தது தலைக்குத்து. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் போய் மோதுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பொடி கேட்கவில்லை. பாஸ்டர் வந்து ஜெபித்தார், அதுவும் கேட்கவில்லை. மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை வந்தபோது பகவதிதான் சொன்னாள், "எனக்க கூட வா. தலைவலிக்கு அம்மைக்கு மண்டையப்பம் வச்சா மாறும். நீ வேதக்காரின்னு அம்மை தள்ளவா செய்வா?"

நேசம்மாள் போனாள். கோயிலுக்கு உள்ளே போக அவர்கள் சாதிக்கு அந்தக் காலத்தில் அனுமதியில்லை. பகவதியும் அவளும் வெளியே கடற்கரை மணலில் கல் கூட்டி, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சிறுபயறும் பிசைந்து, தலை மாதிரி உருட்டி வேகவைத்து, தூரத்தில் நின்று கும்பிட்டார்கள். ஆறிய அப்பத்தைச் செல்லம் கடற்காற்றில் உட்கார்ந்து தின்றாள். அதற்குப் பிறகு தலைக்குத்து வரவில்லை. நேசம்மாளும் பிள்ளையைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை. எதனால் மாறியது என்று அவள் ஆராயவில்லை. மாறியது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை விடியுமுன் புறப்பட்டு நடந்து, வெயில் ஏறும்போது தாயும் பிள்ளையும் நாகர்கோவில் சேர்ந்தார்கள். பள்ளி ஆபீசில் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா இருந்தாள். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுகிறவள். பக்கத்தில் ஜெபமணி டீச்சர் நின்றாள். செல்லம் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

வேதப்புத்தகத்திலிருந்து சங்கீதம் ஒன்றை வாசிக்கச் சொன்னார்கள். நேசம்மாள் தட்டாமல் வாசித்தாள். கணக்கு கொடுத்தார்கள். பத்து வருஷம் கையில் சிலேட்டுப் பிடிக்காதவள், வியர்த்து ஒழுகி அதைப் போட்டு முடித்தாள். எழுத்து மட்டும் கோணியிருந்தது. கதம்பல் அடித்துக் காய்ப்புப் பிடித்த விரல் பேனாவுக்கு மடங்கவில்லை.

"இது சரியாகும்," என்றாள் மிஸ்ஸியம்மா. "நீ ஏன் ஆசிரியை ஆக விரும்புகிறாய்?"

ஜெபமணி டீச்சர் முந்தின ஞாயிறு சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. கர்த்தருடைய ஊழியம் என்று வரும். நேசம்மாளுக்கு அது மறந்து போயிற்று. "பிள்ளையக் கூட வச்சிக்கிடலாம்னு சொன்னாங்க அம்மா," என்றாள்.

மிஸ்ஸியம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரி இருந்தது. விதவைகளுக்கான அறை பின்கட்டில் இருக்கிறது, திங்கட்கிழமை பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு வரலாம் என்றாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து, தன் கையாலேயே பிள்ளைக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள். செல்லம் அம்மையைப் பார்த்தாள். நேசம்மாள் தலையசைத்தாள். பிள்ளை தின்றாள். ஒரு துணுக்குகூடக் கீழே விழவில்லை.

"நன்றாக இருக்கிறதா?"

"கொள்ளாம்," என்றாள் செல்லம். "ஆனா மண்டைக்காட்டு அப்பத்துக்க ருசி வராது."

மிஸ்ஸியம்மாவுக்குப் பிள்ளையின் வேகப் பேச்சு முழுதாகப் பிடிபடவில்லை. ஜெபமணியைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன அப்பம்?"

ஜெபமணி டீச்சர் நல்லவள். "திருவிழாக் கடையில விக்கியது அம்மா, பலகாரம்," என்றாள்.

"கடையில இல்ல," என்றாள் செல்லம். "அம்மைதான் அவிச்சா. எனக்க தலைக்குத்துக்கு."

மிஸ்ஸியம்மா டப்பாவை மூடினாள். இந்த ஊரில் இருபது வருஷம் இருந்தவள், மண்டைக்காட்டில் தலைநோவுக்கு அப்பம் அவிப்பது எந்தச் சாமிக்கு என்று அவளுக்குத் தெரியும்.

"நேசம்மாள், நீ அங்கே போனாயா?"

போர்டிங்கில் இருந்தபோது பொய் சொன்னதற்கு அடி உண்டு. ஒத்துக்கொண்டால் அடி இல்லை, ஜெபம் மட்டும். அந்தப் பழக்கம் அவளுக்குள் இன்னும் இருந்தது. ஒத்துக்கொண்டால் முடிந்துவிடும் என்று நினைத்தாள். "போனேன் அம்மா. பிள்ள சுவத்துல மண்டைய முட்டுது. பாத்துட்டு இருக்க முடியல."

"அது பாவம் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அம்மா."

மிஸ்ஸியம்மா தலையை ஆட்டினாள். முகம் கொஞ்சம் இளகிற்று. ஒரு விதவை, அறியாமை, மனந்திரும்புதல் என்று அது சரியாகிப் போயிருக்கும். ஜெபமணியும் மூச்சு விட்டாள். அப்போதுதான் நேசம்மாள், மிஸ்ஸியம்மாவும் சந்தோஷப்படட்டும் என்று, அதைச் சொன்னாள்.

"ஆனா மாறிச்சு அம்மா. அன்னையோட மாறிச்சு. பின்ன ஒருநாளும் வரல."

போனதற்கு மன்னிப்பு இருந்தது. மாறியதற்கு இல்லை.

மிஸ்ஸியம்மா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "வேதபாடம் கேட்கும் பிள்ளைகள் உன்னிடம் இதைக் கேட்டால், நீ மாறியது என்றுதான் சொல்வாய். அப்படிப்பட்டவளை நான் வகுப்பில் விட முடியாது. ஒரு வருஷம் சபையில் ஒழுங்காக இரு. அடுத்த வருஷம் வா."

"அடுத்த வருசம் வரைக்கும் எங்க அம்மா இருக்க? ஆடியில குடிசைய விடணும்." நேசம்மாள் தரையில் விழுந்தாள். மிஸ்ஸியம்மாவின் வெள்ளைச் செருப்பைத் தொட்டாள். மிஸ்ஸியம்மா காலை இழுத்துக்கொண்டாள். "எழுந்திரு. மனிதர் காலில் விழக்கூடாது," என்றாள்.

கேட்டுவரை ஜெபமணி டீச்சர் கூட வந்தாள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. "ஏன் நேசம், மாறிச்சுன்னு யாரு சொல்லச் சொன்னா? புத்தி வந்துச்சு, இனி போவ மாட்டேன்னு சொன்னாப் போதாதா?"

"மாறிச்சே அக்கா."

"மாறினா ஒனக்குள்ள வச்சிக்க!" டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில ஆளு எடுக்காங்க. அங்க இதொண்ணும் கேக்க மாட்டாங்க, கையத்தான் பாப்பாங்க. அதையாவது விடாத."

திரும்பி வரும் வழியில், ஆள் இல்லாத வயல்வரப்பில், நேசம்மாள் பிள்ளையை அடித்தாள். முதலில் கையால், பிறகு வரப்பில் கிடந்த ஓலை மட்டையால். பிள்ளை ஓடவில்லை.

"வாய வச்சிட்டு இருக்க முடியாதா மூதேவி? ஒரு துண்டு தின்னா தின்னுட்டுக் கெடக்கப்படாதா?"

"நான் களவாண்டா தின்னேன்?" செல்லம் கத்தினாள். "நீதானே அவிச்சுத் தந்த! நீதானே தின்னச் சொன்ன!"

மட்டை கீழே விழுந்தது. கேக்கு முழுவதையும் பிள்ளை வரப்பில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு, நேசம்மாள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கனமே இல்லை. ஒழுங்காகத் தின்ற பிள்ளையென்றால் இவ்வளவு தூரம் தூக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

பகவதி விஷயம் கேட்டதும் மாரில் அடித்துக்கொண்டாள். "நான்தான்டீ கூட்டிட்டுப் போனேன். எனக்க வாய் இருக்கே, அதக் கதம்பல் கட்டையால அடிக்கணும். பிள்ளைய எனக்க கிட்ட விடு. நான் வச்சிக்கிடுதேன்."

அது நடக்கிற காரியமில்லை. ஜான்ரோஸ் குதித்தான். "எனக்க தம்பிக்க ரெத்தம் அஞ்ஞானிக்க வீட்டுல வளரவா? ஒருக்கா போனதுக்கே இந்தக் கெதி. நாங்க செத்தா போயிட்டோம்?" சத்தியமாகத்தான் சொன்னான். பிள்ளைமேல் அவனுக்குப் பாசம் உண்டு. அந்தப் பாசத்துக்கும் அடுப்புக்கும் சம்பந்தமில்லை, அடுப்பு ராஜபாயுடையது. பகவதி வீட்டில் பிள்ளையை விட்டால் அடுத்த வருஷம் மிஸ்ஸியம்மாவின் முகத்தில் விழிக்கவும் முடியாது என்பது நேசம்மாளுக்கும் தெரியும்.

ஒன்றரை வருஷம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நர்சானால் ஒரு அறை கிடைக்கும், பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். எந்தப் படிப்பு என்று யாரும் இப்போது அவளைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஜான்ரோசும் கூட வந்தான். ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்ச் சந்தைக்குக் கருப்பட்டிச் சுமை கொண்டுபோக வேண்டியிருந்தது. திரும்பும்போது பிள்ளையைக் கூட்டிப் போவதாகப் பேச்சு. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் அவன் சுமையை இறக்கினான். நேசம்மாள் மடியிலிருந்து அவித்த மரச்சீனிக் கிழங்குத் துண்டை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தாள்.

"மக்கா, நான் உள்ள போய் பேரு குடுத்துட்டு வாறேன். பெரியப்பன் கூட இரி. சொல்லிட்டுத்தான் போவேன், என்னா?"

"சீக்கிரம் வா."

"வாறேன்."

உள்ளே தலைமை நர்சம்மா ஒரு மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். தடித்த உடம்பு, முழங்கைவரை மடித்த வெள்ளைச் சட்டை. உட்கார நேரமில்லாதவள். பக்கத்து அறையில் ஒருத்தி பேறுநோவில் கத்திக்கொண்டிருந்தாள்.

"கைய நீட்டு." நேசம்மாள் நீட்டினாள். பாகு தெறித்த தழும்புகள் மணிக்கட்டுவரை இருந்தன. நர்சம்மா திருப்பிப் பார்த்தாள். "கருப்பட்டிக் கையி. சூடு தாங்கும். ரெத்தம் கண்டா மயங்குவியா?"

"இல்லம்மா."

"வாசிப்பியா?"

"ஏழு வரை படிச்சேன்."

"பிள்ள உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் நர்சம்மாவே சொன்னாள். "போன வருசம் ரெண்டு பேரு பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வந்தாளுவ. பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக்குச் சொறின்னு நித்தம் ஓட்டம். பாதியில ரெண்டும் போயாச்சு. சின்னப் பிள்ள உள்ளவள இனி எடுக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒனக்கு உண்டா?"

இதை ஜெபமணி டீச்சர் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. நேசம்மாள் வாசலைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். வெளியே போனால் ஆடி. குடிசை இல்லை. இரண்டு பேருமே ராஜபாயின் அடுப்புக்கு முன்னால்.

"இல்ல," என்றாள்.

நர்சம்மா அவள் வயிற்றையும் மாரையும் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு ஒளிக்க முடியாது. "பெத்த உடம்புல்லா?"

"பெத்தேன். இப்ப இல்ல."

நர்சம்மாவின் குரல் தாழ்ந்தது. "கர்த்தர் குடுத்தாரு, கர்த்தர் எடுத்தாரு. எனக்கும் ஒண்ணு போச்சு." மேசையிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து அவள் கையில் வைத்தாள். "கூட யாராவது வந்திருக்காவளா? சொல்லிட்டு வா. சீக்கிரம். உள்ள ஆளு வேணும்."

வெளியே போனால் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும். அம்மே என்று கத்தும். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நர்சம்மாவுக்கும் வெளிக்கேட்டு நன்றாகத் தெரியும்.

"யாரும் வரலம்மா. தனியாத்தான் வந்தேன்."

பேறு அறையில் கிடந்தவள் வயசில் சின்னவள். தலைச்சன். நேசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நகம் தோலைக் கிழித்தது. நேசம்மாள் அவள் இடுப்பை அழுத்திப் பிடித்தாள், எங்கே அழுத்தினால் நோவு தாங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நர்சம்மா அதைக் கவனித்துவிட்டு வெந்நீர்ப் பானையைப் பார்க்கப் போனாள். உச்சிவெயில் தாண்டியது. பிள்ளை பிறந்தது. ஆண். நேசம்மாள் அதைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டுக்காரன் சிலுவைதாசன் வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, வெளிய ஒரு பனையேறியும் ஒரு பொட்டப்பிள்ளையும் காலத்தேல இருந்து நிக்கியாங்க. நேசம்மாள்னு ஒருத்திய விளிக்கச் சொல்லுதாங்க."

நர்சம்மா திரும்பினாள். "யாருட்டீ அது? தனியாத்தானே வந்தேன்னு சொன்ன?"

நேசம்மாள் துணியின் முனையைச் செருகி முடித்தாள்.

"புருசனுக்க அண்ணன் அம்மா. சந்தைக்கு வந்திருப்பாரு. கூட நிக்கது அவருக்க மவ."

"பாக்கணுமா?"

"வேண்டாம். நான் சேந்தாச்சு, போவச் சொல்லுங்க."

சிலுவைதாசன் போகாமல் நின்றான். "பிள்ள ஒரே அழுகையா கெடக்கு அம்மா. தலைய மரத்துல முட்டுது."

"அப்பன் கூடத்தானே நிக்குது," என்றாள் நேசம்மாள். "அவரு கூட்டிட்டுப் போவாரு."

அவன் போய்விட்டான். நர்சம்மா நஞ்சுக்கொடி கிடந்த சட்டியைக் காட்டி, கொண்டுபோய்ப் பின்னால் புதைக்கச் சொன்னாள். நேசம்மாள் அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.